செவ்வாயில் இருப்பது தோஷமா? மண்ணா?

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய தோல் தொழில் ஊர்களில் செவ்வாய் என்கின்ற பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு வானம் ஞாபகத்துக்கு வருவதில்லை. கலியாணம் தட்டிப்போன ஒரு பெண்தான் ஞாபகத்துக்கு வருகின்றாள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்துவிட்டு, விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி, நாளெல்லாம் ஷூவுக்கு அப்பர் தைத்து, வாங்குகின்ற சம்பளத்தில் வீட்டு அடுப்பையும் எரியவிட்டு, தம்பியின் படிப்பையும் நடத்துகின்ற பெண்கள் இந்த ஊர்களில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றார்கள். இப்பேர்ப்பட்ட பெண்ணைப் பார்த்து, “உன் ஜாதகத்தில் செவ்வாய் இருக்கின்றது, உன்னைக் கட்டிக்கொள்ளுகின்றவன் பிழைக்கமாட்டான்” என்று ஒரு சோதிடன் சொல்லுகின்றான். அதைக் கேட்டுக்கொண்டு பெற்றவர்களும் தலையைக் கவிழ்த்துக்கொள்ளுகின்றார்கள்.

நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அந்தச் செவ்வாயில் அப்படி என்னதான் இருக்கின்றது? ஆயிரம் வருஷத்துக்கு முன் இக்கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியாது. அது தூரத்தில் தெரிகின்ற ஒரு சிவப்புப் புள்ளி; யார் எதைச் சொன்னாலும் மறுக்க ஆள் இல்லை. இன்றைய நிலைமை அப்படியல்ல. அதைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, மேடு எது, பள்ளம் எது, மலை எது, மணல் எது என்று படம் பிடித்து அனுப்புகின்ற கருவிகள் போய்ப் பார்த்துவிட்டன. ஆகவே சோதிடன் சொல்லுவதையும், போய்ப் பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது மெய் என்று வாசகர்களே தீர்மானம் செய்துகொள்ளும்படி அச்சங்கதிகளைச் சொல்ல வேண்டியது நமது கடமையாகின்றது.

கற்றவர்களும் ஏமாந்த கதை

முதலாவதாக, ஏமாறுவது படியாதவர்களுக்கே உரியது என்று யாரும் எண்ணவேண்டியதில்லை. 1877-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்து வானநூலார் ஷியாபரெல்லி என்பவர் தொலைநோக்கி வழியாகப் பார்த்து, செவ்வாயின் மேல் நீண்ட கோடுகள் தெரிவதாக எழுதினார். தம் பாஷையில் அவற்றை வெறும் ‘வாய்க்கால்’ என்ற பொருள்படத்தான் குறித்தார். இங்கிலீஷ்காரர்கள் அதை வெட்டப்பட்ட கால்வாய் என்று ஆக்கிவிட்டார்கள். கால்வாய் என்றால் வெட்டினவன் ஒருவன் வேண்டுமல்லவா? உடனே செவ்வாயில் மனிதர்கள் இருக்கின்றார்கள், அவர்கள் தண்ணீருக்குக் கஷ்டப்பட்டு முனைகளில் உள்ள பனியை உருக்கிப் பயிருக்குப் பாய்ச்சுகின்றார்கள் என்று அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல் என்கின்ற செல்வந்தர் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். அதற்கென்றே சொந்தத்தில் ஒரு வான் ஆராய்ச்சி நிலையமும் கட்டினார்.

அப்போது ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்கின்ற அறிஞர், தமது எண்பது வயதுக்கு மேல், 1907-ல் ஒரு சிறு புத்தகம் எழுதி, அவ்வளவு குளிரும் அவ்வளவு மெல்லிய காற்றும் உள்ள இடத்தில் திறந்த கால்வாயில் தண்ணீர் ஓடாது என்று கணக்குப்போட்டுச் சொன்னார். கடைசியில் 1965 ஜூலையில் மாரினர்-4 என்கின்ற அமெரிக்கக் கருவி செவ்வாயின் பக்கமாகப் பறந்து, இருபதுக்குச் சற்று அதிகமான படங்களை அனுப்பிற்று. அப்படங்களில் கால்வாயும் இல்லை, பயிரும் இல்லை. விண்கற்கள் விழுந்து உண்டான குழிகள் தாம் இருந்தன. அத்தோடு கால்வாய்க் கட்சி முடிந்தது.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1976 ஜூலையில் வைக்கிங்-1 என்கின்ற கருவி அனுப்பிய ஒரு படத்தில், ஒரு குன்று மனித முகம் போலத் தென்பட்டது. இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். அது நிழலின் வேலை என்று அன்றைக்கே விஞ்ஞானிகள் சொல்லியும், செவ்வாயில் யாரோ செதுக்கிவைத்த முகம் என்று உலகமெங்கும் கதை கட்டினார்கள். 1998-லும் 2001-லும் அதைவிடக் கூர்மையான கருவி அதே இடத்தைப் படம் பிடித்தபோது, முகமும் இல்லை, மூக்கும் இல்லை. காற்றும் காலமும் அரித்த ஒரு மொட்டைக் குன்றுதான் இருந்தது. நம் ஊரில் வேப்பமரத்து முடிச்சில் அம்மன் முகம் தெரிகின்றது என்று உண்டியல் வைக்கின்றவர்களுக்கும், அந்தக் குன்றில் முகம் கண்டவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். ஒரே ஒரு வித்தியாசந்தான் உண்டு. அங்கே இன்னொரு முறை கிட்டப்போய்ப் பார்த்தார்கள். பார்த்ததும் கதையைக் கைவிட்டார்கள். இங்கே கிட்டப்போய்ப் பார்ப்பவனுக்கு நாஸ்திகன் என்று பெயர்.

அங்கே இருப்பது என்ன?

நிற்க, 1971 நவம்பர் 14-ந் தேதி மாரினர்-9 என்கின்ற கருவி செவ்வாயை அடைந்து அதைச் சுற்ற ஆரம்பித்தது. பூமியைத் தவிர வேறொரு கிரகத்தைச் சுற்றிவந்த முதல் கருவி அதுதான். அது போய்ச் சேர்ந்த சமயம் செவ்வாய் முழுவதும் புழுதிப் புயல் மூடிக்கிடந்தது. எதுவும் தெரியவில்லை. நாலே நாலு கரும்புள்ளிகள் மாத்திரம் புழுதிக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருந்தன. அது என்ன சகுனம் என்று யாரும் பிரசன்னம் பார்க்கவில்லை. புழுதி அடங்கும்வரையில் காத்திருந்தார்கள். அடங்கியதும் அந்நான்கும் நாலு பிரம்மாண்டமான எரிமலைகள் என்று தெரிந்தது. மாரினர்-4 காட்டிய சில படங்களை வைத்துக்கொண்டு, செவ்வாய் சந்திரனைப் போல வெறும் குழி நிறைந்த இடம் என்று விஞ்ஞானிகள் எண்ணியிருந்ததும் தவறு என்று அப்போது ருசுவாயிற்று. தங்கள் எண்ணம் தவறானால் அதை மாற்றிக்கொள்ள அவர்கள் வெட்கப்படவில்லை.

அந்த எரிமலைகளில் பெரியதற்கு ஒலிம்பஸ் மலை என்று பெயர். உயரம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். நம்முடைய ஜவ்வாது மலையைப் போல இருபது மலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அவ்வுயரம் வரும். எவரெஸ்ட் சிகரமோ அதில் பாதிக்கும் குறைவு. அடிவாரத்தின் அகலம் சுமார் 600 கிலோமீட்டர். அதாவது சென்னையில் ஒரு கால், கன்னியாகுமரியில் ஒரு கால் வைத்து நிற்கின்ற அளவு. ஆனால் சரிவோ மிகவும் கொஞ்சம். அதன்மேல் ஒரு மனிதன் நின்றால் மலையின்மேல் நிற்பதாகவே அவனுக்குத் தோன்றாது.

இவ்வளவு பெரிய மலை அங்கு எப்படி உண்டாயிற்று? எந்தத் தேவனும் மத்தாக நாட்டி வைத்ததல்ல. பூமியின் மேலோடு பல பாளங்களாகப் பிரிந்து நகர்ந்துகொண்டே இருக்கின்றது. ஆதலால் கீழிருந்து வருகின்ற நெருப்புக் குழம்பு ஒரே இடத்தில் குவியாமல் வரிசையாகப் பல மலைகளை உண்டாக்குகின்றது. செவ்வாயில் மேலோடு அப்படி நகருவதில்லை. ஒரே வாயிலிருந்து கோடிக்கணக்கான வருஷங்களாகக் குழம்பு வழிந்து ஒரே இடத்தில் குவிந்தது. தவிரவும் அங்கே ஈர்ப்புச் சக்தி பூமியில் உள்ளதில் நூற்றுக்கு 38 பங்குதான். ஆகையால் அவ்வளவு உயரம் குவிந்தும் மலை தாங்கி நிற்கின்றது.

மலைக்கு ஏற்ற பள்ளமும் அங்கு உண்டு. மாரினர் பள்ளத்தாக்கு என்று அதற்குப் பெயர். நீளம் சுமார் 4,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர வரையில் உள்ள தூரத்தைவிட அதிகம். ஆழம் சில இடங்களில் 7 கிலோமீட்டருக்குக் குறையாது. எரிமலைகள் இருக்கின்ற பிரதேசம் மேலே புடைத்தபோது, பக்கத்தில் நிலம் பிளந்து உண்டான வெடிப்பு அது என்றும், பிறகு சரிவுகள் இடிந்து இடிந்து அகன்றது என்றும் ஆராய்ந்து சொல்லுகின்றார்கள். தெற்குப் பாகத்தில் ஹெல்லஸ் என்கின்ற ஒரு வட்டமான பள்ளம் உண்டு. 2,000 கிலோமீட்டருக்கு மேல் அகலமான அப்பள்ளம், ஆதியில் ஒரு பெரிய விண்பாறை மோதியதால் உண்டானது.

இரண்டு முனைகளிலும் பனிப்பாளங்கள் இருக்கின்றன. அதில் தண்ணீர்ப் பனியும் உண்டு, கரியமில வாயு உறைந்த பனியும் உண்டு. இந்த இரண்டாவது பனி நமக்குப் புதியதல்ல. இக்காலத்துக் கலியாண மண்டபங்களில் மணமக்களைச் சுற்றிப் புகை கிளப்புகின்றார்களே, அந்த உலர்பனிதான் அது. செவ்வாயின் பனிக்கட்டியை மேடையில் வைத்துக்கொண்டு செவ்வாய்க்குப் பயந்து பொருத்தம் பார்க்கின்றார்கள் என்பதை யோசித்தால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை.

சராசரிக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60 டிகிரி. காற்று பூமியின் காற்றில் நூறில் ஒரு பங்கு கூட அழுத்தம் இல்லாதது. அதிலும் பெரும்பாகம் கரியமில வாயு. எங்கு பார்த்தாலும் பாறை, புழுதி, காற்று அள்ளிக் குவித்த மணல் மேடுகள். சரி, அந்தச் சிவப்பு எதனால் வந்தது? கோபத்தினாலா, இரத்தத்தினாலா? சோதிட நூல்கள் அப்படித்தான் சொல்லுகின்றன. உண்மையில் அது இரும்புத் துரு. மண்ணில் உள்ள இரும்பு பிராண வாயுவோடு சேர்ந்து துருப்பிடித்துக் கிடக்கின்றது, அவ்வளவுதான். தோல் டேனரியில் வேலை செய்கின்ற தோழருக்கு இரும்பைப்பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறுகின்ற தோலில் ஒரு துருப்பிடித்த ஆணி பட்டால் கருப்புக் கறை விழுந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கறைக்கு அவர் ஜாதகம் பார்ப்பதில்லை. ஆணியைப் பிடுங்கி எறிகின்றார். ஆணியில் உள்ள துருவுக்குப் பயப்படாதவர், வானத்தில் உள்ள துருவுக்கு மாத்திரம் ஏன் பயப்படவேண்டும்?

செவ்வாய்க்கிழமையில் போன செவ்வாய்க் கலம்

இவையெல்லாம் வெள்ளைக்காரன் சொல்லுகின்ற சங்கதி என்று சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூடும். அவர்களுக்கும் பதில் உண்டு. இந்தியாவிலிருந்து மங்கள்யான் என்கின்ற கலம் 2013 நவம்பர் 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அன்று என்ன கிழமை தெரியுமா? செவ்வாய்க்கிழமை. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நம்மவர்கள் பலர் கடையில் கணக்குக்கூடத் திறக்கத் தயங்குகின்ற கிழமை. புறப்பட்ட நேரம் பகல் 2 மணி 38 நிமிஷம். ராக்கெட்டை விட்டுக் கலம் பிரிந்து பூமியைச் சுற்றத் தொடங்கியது அதற்குச் சுமார் 44 நிமிஷம் கழித்து. அதாவது 3 மணிக்கு மேல். செவ்வாய்க்கிழமை 3 முதல் 4½ வரை ராகு காலம் என்று நம் வீட்டு நாட்காட்டிகள் எல்லாம் அச்சடித்துத் தொங்குகின்றன. செவ்வாய்க்கு, செவ்வாய்க்கிழமையில், ராகு காலத்தில் போன கலம் என்ன ஆயிற்று?

ஏறத்தாழ முந்நூறு நாள் தூங்கிக்கிடந்த அதன் எஞ்சினை, 2014 செப்டம்பர் 24-ந் தேதி கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் மறுபடியும் எரியவைத்து, முதல் முயற்சியிலேயே செவ்வாயைச் சுற்றவிட்டார்கள். செலவு சுமார் 450 கோடி ரூபாய். ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பிய கலம் ஏழரை வருஷம் உழைத்து, 2022 ஏப்ரலில்தான் பேச்சை நிறுத்தியது. அதில் இருந்த வர்ணப் படக்கருவி செவ்வாயின் முழு உருண்டையையும் ஒரே படத்தில் பிடித்து அனுப்பிற்று. மேலே சொன்ன ஒலிம்பஸ் மலையையும், மாரினர் பள்ளத்தாக்கையும், புழுதிப் புயல்களையும் அது கண்டது. தோஷம் என்று ஒன்றையும் காணவில்லை.

இவ்வேலையை நடத்தியவர்கள் யார்? கோயமுத்தூர் ஜில்லா கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அருணன் ஆகிய தமிழர்கள் தலைமை வேலை பார்த்தார்கள். ரித்து கரிதால், நந்தினி ஹரிநாத் முதலிய பெண் விஞ்ஞானிகள் கலத்தின் வழியையும் இயக்கத்தையும் நடத்தும் பொறுப்பில் இருந்தார்கள். இந்த நாட்டுப் பெண்கள் செவ்வாயைச் சுற்றிக் கலம் ஓட்டுகின்றார்கள். இந்த நாட்டுப் பெண்ணைப் பார்த்தே, செவ்வாய் உன் தாலியைப் பறித்துவிடும் என்று சொல்லுகின்றார்கள். இதைவிட மானக்கேடு வேறு உண்டா என்று கேட்கின்றோம்.

மங்கள்யான் புறப்படுவதற்கு முன் ராக்கெட்டின் மாதிரி உருவத்தைத் திருப்பதிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டார்களே என்று சிலர் சொல்லுவார்கள். ஆம், கொண்டுபோனார்கள். அது மூடநம்பிக்கை என்று சி. என். ஆர். ராவ் என்கின்ற பெரிய விஞ்ஞானியே அப்போது பகிரங்கமாய்ச் சொன்னார். நாம் அதற்கு மேல் ஒன்று சொல்லுகின்றோம். கும்பிட்டவர்கள் கும்பிட்டதோடு நிற்காமல், ஒவ்வொரு திருகாணியையும் நூறு முறை சோதித்தார்கள் அல்லவா? கும்பிடு போதுமென்று நம்பியிருந்தால் சோதனை எதற்கு?

ஐந்து வீட்டுக் கணக்கு

இனி தோஷத்தின் கணக்கையே எடுத்துக்கொள்ளுவோம். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்கின்றார்கள். மொத்தம் பன்னிரண்டு வீடு. லக்கினம் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும். ஆகவே ஒவ்வொரு நாளும், 24 மணியில் சுமார் 10 மணி நேரம் பிறக்கின்ற அத்தனை குழந்தைகளும் செவ்வாய் தோஷக் குழந்தைகளே. இதோடு விடாமல், சந்திரனிலிருந்தும் எண்ணிப் பார், சுக்கிரனிலிருந்தும் எண்ணிப் பார் என்கின்றார்கள். மூன்று எண்ணிக்கையும் தனித்தனியாக விழுவதாக வைத்துக்கொண்டால், 1,728 பேரில் 343 பேர்தான் தப்ப முடியும். அதாவது நூற்றுக்கு எண்பது பேருக்குத் தோஷம்! இத்தனை பேருக்கும் வாழ்க்கைத்துணை சாவது உண்மையானால் தமிழ்நாட்டில் இன்று ஜன சங்கியை எடுக்க ஆளே மிஞ்சியிருக்காது. அப்படி ஆகவில்லை என்று சோதிடனுக்கும் தெரியும். அதனால்தான் “சொந்த வீட்டில் இருந்தால் தோஷமில்லை, குரு பார்த்தால் தோஷமில்லை, இரண்டு பேருக்கும் இருந்தால் தோஷமில்லை, வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய்வந்தால் தோஷமில்லை, வாழை மரத்துக்குத் தாலி கட்டினால் தோஷமில்லை” என்று வாசல் வாசலாகத் திறந்து வைத்திருக்கின்றான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தட்டு இருக்கின்றது என்பதைக் கவனிக்கவேண்டும்.

அன்றியும் நம் ஆம்பூரையே பாருங்கள். ஒரே தெருவில் இந்து வீடும், முஸ்லிம் வீடும், கிறிஸ்தவ வீடும் இருக்கின்றன. எல்லாப் பிள்ளைகளும் ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே நேரத்தில் கூடப் பிறக்கின்றார்கள். வானத்தில் இருப்பதும் ஒரே செவ்வாய்தான். முஸ்லிம் வீட்டில் செவ்வாய் தோஷம் என்று பெண்ணை ஒதுக்குவதில்லை. அதனால் அவர்கள் வீட்டு மாப்பிள்ளைகள் எல்லாம் கலியாணமான வருஷத்தில் செத்துப்போகின்றார்களா? இல்லையே! கண்ணெதிரே இருக்கின்ற இந்தப் பிரத்தியட்ச ருசுவைப் பார்க்க ஆகாசத்துக்குப் போகவேண்டிய அவசியங்கூட இல்லை.

பிறக்கின்ற குழந்தையை அந்தக் கிரகம் எதனால் பிடிக்கின்றது? ஈர்ப்பினாலா? செவ்வாய் பூமிக்கு மிகவும் கிட்டே வருகின்றபோதுகூட சுமார் ஐந்தரைக் கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றது. அப்போதும் அதன் ஈர்ப்பைவிட, ஒரு சாண் தூரத்தில் குழந்தையை ஏந்தி நிற்கின்ற மருத்துவச்சியின் உடம்பின் ஈர்ப்பு அதிகம் என்று கணக்குப்போட்டுப் பார்க்கலாம். வெளிச்சத்தினாலா என்றால், பிரசவ அறையில் எரிகின்ற விளக்கு அதைவிட எத்தனையோ மடங்கு பெரிது. அப்படியானால் மருத்துவச்சி தோஷம், விளக்கு தோஷம் என்றல்லவா முதலில் எழுதவேண்டும்?

“நம் முன்னோர்கள் கிரகங்களின் இடத்தைச் சரியாகக் கணித்தார்களே, அது பொய்யா?” என்று கேட்பவர்கள் உண்டு. பொய்யல்ல. தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் பார்த்துப் பார்த்துக் குறித்து, கிரகணம் எப்போது, எந்தக் கிரகம் எந்த ராசியில் என்று கணக்கிட்டவர்கள் அறிவாளிகளே. அவர்களைப் பழிக்க நமக்கு யோக்கியதை இல்லை. ஆனால் ஒரு பொருள் எங்கே இருக்கின்றது என்பது வேறு. அது என்ன செய்யும் என்பது வேறு. ஆம்பூர் ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று சரியாகச் சொல்லுகின்றவன், அந்த ரயில் வருவதனால் உன் பெண்ணுக்குக் கலியாணம் ஆகாது என்றும் சொன்னால் அதையும் நம்பிவிடுவதா? கணக்கின் மரியாதையைத் திருடிக்கொண்டுதான் பலன் இத்தனை காலமாகப் பிழைக்கின்றது.

பாலாற்றையும் பாருங்கள்

செவ்வாயைச் சுற்றுகின்ற கருவிகள் கண்டவற்றில் எல்லாவற்றையும்விட ஆச்சரியமானது, வறண்டுபோன ஆற்றுப் படுகைகள். கிளை கிளையாகப் பிரிந்து சேருகின்ற வாய்க்கால்கள், ஏரியில் ஆறு கலந்த இடத்தில் படிந்த வண்டல் விசிறிகள் எல்லாம் அங்கு உண்டு. அப்படிப்பட்ட வண்டல் உள்ள ஜெசிரோ என்கின்ற பள்ளத்தில்தான் 2021 பிப்ரவரி 18-ந் தேதி ஓர் ஊர்தியை இறக்கினார்கள். 2012-ல் இன்னொரு ஊர்தி, ஆற்றில் உருண்டு மழமழப்பான கூழாங்கற்கள் பதிந்த பாறையையே கண்டது. முந்நூறு கோடி வருஷத்துக்கு முன் அங்கே தண்ணீர் ஓடியிருக்கின்றது. பிறகு அக்கிரகத்தின் உட்பாகம் ஆறி, அதன் காந்தக் கவசம் போய், சூரியனிலிருந்து வீசுகின்ற துகள்கள் காற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போயின. காற்றுப் போனதும் தண்ணீரும் நிற்க வழியில்லாமல் போயிற்று.

செவ்வாயின் ஆறு வறண்டதற்குக் காரணம் இது. நம் பாலாறு மணல் காடானதற்குக் காரணம் என்ன? அதையும் வானத்திலிருந்து பார்த்தால் மணல் கோடாகத்தான் தெரிகின்றது. இங்கே காந்தக் கவசம் போகவில்லை. மேலே அணை கட்டினார்கள், மணலை லாரி லாரியாக அள்ளினார்கள், தோல் கழிவைத் திறந்துவிட்டார்கள். இத்தோல் பிரதேசத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுவதுமோ ஒரு பாகமோ கெட்டுப்போயிற்று என்கின்ற கணக்கை, 1996 ஆகஸ்டு 28-ந் தேதிய தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துச் சொல்லியிருக்கின்றது. இதற்கு எந்தக் கிரகத்துக்குப் பரிகாரம் செய்வது?

2015 ஜனவரி 31-ந் தேதி இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளிகள் மேல் சேறு பாய்ந்து, பத்துப் பேர் மாண்டார்கள். அந்தப் பத்துப் பேருக்கும் ஒரே ராசியா? ஒரே தோஷமா? குற்றம் சுவரில் இருந்தது. சுவரைக் கட்டினவர்களிடத்திலும், கவனிக்காதவர்களிடத்திலும் இருந்தது. தொழிலாளி ஒருவன் தொட்டியில் செத்தால், “பெண்டாட்டி ஜாதகம் அப்படி” என்று ஒரு கிழவி சொல்லிவிட்டால் போதும், தொட்டிக்காரன் தப்பித்துக்கொள்ளுகின்றான். செவ்வாய் தோஷத்தினால் உண்டாகின்ற பெரிய கேடு இதுதான். அது பெண்ணின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, உண்மையான காரணத்தை நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகின்றது. “பார்த்தால் என்ன நஷ்டம், மனத் திருப்திக்குத்தானே” என்று சொல்லுகின்ற நல்லவர்கள் இதை யோசிக்கவேண்டும். முப்பது வயதுவரையில் வீட்டில் உட்கார்ந்திருக்கின்ற பெண்ணுக்கு அது நஷ்டமில்லையா? பரிகாரத்துக்கு வட்டிக்கு வாங்கின பணம் நஷ்டமில்லையா? எந்தக் குற்றமும் செய்யாத விதவைக்குப் புருஷனைத் தின்றவள் என்கின்ற பெயர் நஷ்டமில்லையா?

செய்யவேண்டியது

தோழர்களே! வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கின்றது. அங்கே வைணு பாப்பு வான் ஆராய்ச்சி நிலையத்தில், 1986-ல் ஏற்படுத்தப்பட்ட 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட தொலைநோக்கி இருக்கின்றது. வியாழனின் துணைக்கோள் ஒன்றில் மெல்லிய காற்று இருக்கலாம் என்பதற்கான குறியை 1972-லேயே அந்த மலையிலிருந்து கண்டார்கள். உலகத்து வானநூலார் அறிந்த அந்த இடத்தை, அடிவாரத்தில் உள்ள நம் ஜனங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கின்றார்கள்? ஜாதகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய்ப் போக பஸ் கட்டணம் இருக்கின்றது. பிள்ளைகளைக் காவலூருக்கு அழைத்துப்போக மாத்திரம் இல்லையா?

ஆகையால் நாம் சொல்லுவது இதுதான். பிறந்த குழந்தைக்கு ஊசி போட்ட தேதியை எழுதிவையுங்கள்; ஜாதகம் எழுதவேண்டாம். சம்பந்தம் பேச வந்தால் பையன் குடிக்கின்றானா, கடன் இருக்கின்றதா, வியாதி இருக்கின்றதா, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேளுங்கள். புருஷன் பிழைத்திருப்பதும் சாவதும் பெரும்பாலும் இவற்றில்தான் இருக்கின்றது. புரோகிதரும் ஜாதகமும் இல்லாமல் நடக்கின்ற சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ல் தமிழ்நாட்டுச் சட்டசபையே சட்டம் செய்திருக்கின்றது, அதைப் பயன்படுத்துங்கள். செவ்வாய் தோஷம் என்று சோதிடன் வாயைத் திறந்தால், “அங்கே 22 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மலை இருக்கின்றதே, அதை உன் ஏட்டில் எழுதியிருக்கின்றதா?” என்று கேளுங்கள். அங்கே என்ன இருக்கின்றது என்பதே தெரியாத ஏட்டுக்கு, அது நம் வீட்டுப் பெண்ணை என்ன செய்யும் என்பது மாத்திரம் எப்படித் தெரிந்தது?

அப்பர் தைக்கின்ற நம் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையால் தைத்த ஜோடு கடல் கடந்து போகின்றது. உங்களைப் போன்ற பெண்கள் ஓட்டிய கலம் செவ்வாய்க்கே போய்ச் சுற்றிற்று. அங்கே இருப்பது குளிர்ந்த பாறையும், துருப்பிடித்த மண்ணும், வறண்ட ஆறும்தான். அந்த மண்ணுக்கு உங்கள் பெயரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. உங்களைத் தள்ளிவைப்பவர்கள் பூமியில்தான் இருக்கின்றார்கள். அவர்களிடத்தில்தான் நீங்கள் காரணம் கேட்கவேண்டும்.